சின்ன இன்ஜின் மக்கர் செய்யும்போது: அறிகுறியைப் பிடித்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பலருக்குக் கை நேராக ஸ்க்ரூடிரைவருக்குத்தான் போகிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றி, ஊதி, திரும்ப மாட்டி, அப்போதும் ஓடாமல், கடைசியில் பார்த்தால் டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத்துளை அடைத்திருக்கும். புல் வெட்டும் இயந்திரம், மருந்து தெளிப்பான், செயின்சா, பெட்ரோல் பம்ப்செட், சிறிய ஜெனரேட்டர் எதுவானாலும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லையா, இல்லை அளவுக்கு மேல் போகிறதா? இது தெரியாமல் ஒரு ஸ்க்ரூவையும் திருகாதீர்கள். இதைத் தெரிந்துகொள்ள சோக் லீவரும் ஸ்பார்க் பிளக்கும் போதும்.

வேலையைத் திறந்த வெளியில், இன்ஜின் ஆறிய பிறகு செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்துபோய்ச் சற்றுத் தள்ளி எரியும் நெருப்பையும் தொட்டுவிடும். அறைக்குள் இன்ஜினை ஓட்டிச் சோதிப்பதும் கூடாது. சைலன்சர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

முதலில் பெட்ரோலைப் பாருங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள். சுத்தமான கண்ணாடி பாட்டிலில் டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைப் பிடியுங்கள். முடிந்தால் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருக்கும் வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி அங்கிருந்தும் பிடியுங்கள். பாட்டிலைச் சாய்த்து வெளிச்சத்துக்கு எதிரே வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தனியாக, தாமரை இலைத் தண்ணீர் போல ஒட்டாமல் உருண்டு ஓடும். பழுப்பு நிறமும் பெயின்ட் தின்னர் போன்ற புளித்த வாடையும் வந்தால் பெட்ரோல் கெட்டுவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் டேங்கில் கிடந்த பெட்ரோலைச் சந்தேகப்படலாம். மூன்று மாதம் கிடந்தது என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை, கொட்டிவிட வேண்டியதுதான். கொட்டுவது என்றால் மண்ணிலோ சாக்கடையிலோ அல்ல. மூடியுள்ள கேனில் சேர்த்து, இப்படிப்பட்ட கழிவைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு சிக்கல் உண்டு. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஓரளவு வரை அந்தத் தண்ணீர் கலந்தே இருக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கின் அடியிலிருந்துதான் டியூப் கிளம்புகிறது, ஆக கார்புரேட்டருக்கு முதலில் போவது இந்தக் கலவைதான். ஒருமுறை பிரிந்துவிட்டால் எந்த மருந்து ஊற்றினாலும் பழைய நிலைக்கு வராது. பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் திரவத்தையும் புதுப் பெட்ரோலில்தான் கலக்க வேண்டும். கெட்டுப்போனதில் ஊற்றினால் அதுவும் சேர்ந்து வீண். சிறிய இன்ஜின்களில் பெரும்பாலானவை 10 சதவீத எத்தனால் வரைக்குமே வடிவமைக்கப்பட்டவை. உங்கள் இன்ஜினுக்கு என்ன வரம்பு என்று கையேட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெட்ரோலை மாற்றியதுமே கணிசமான இன்ஜின்கள் சரியாகிவிடும். அப்படி ஆகாதவற்றுக்குத்தான் மேற்கொண்டு வருவது.

கயிறு இழுத்துக் கை ஓய்ந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை

பத்துத் தடவை இழுத்தும் எடுக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

முனை ஈரமாகப் பெட்ரோல் வாடையோடு இருந்தால், பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. பிளக்கில் கரண்ட் வராமல் இருக்கலாம், அல்லது சோக்கைப் போட்டபடியே இழுத்து இழுத்துப் பெட்ரோல் உள்ளே தேங்கியிருக்கலாம். பிளக்கைத் துடைத்து உலர வையுங்கள். சுவிட்சை அணைத்து, பிளக் கம்பியை ஓட்டையிலிருந்து தள்ளி ஒதுக்கிவிட்டு, சோக்கைத் திறந்து ஏழெட்டுத் தடவை கயிற்றை இழுத்தால் தேங்கிய பெட்ரோல் வெளியே வந்துவிடும். முகத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அப்புறம் பிளக்கை மாட்டி, சோக் இல்லாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். திரும்பவும் நனைந்தால் அதற்குப் பிறகு கரண்ட் பக்கம் பார்க்க வேண்டும்.

முனை காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. இதை உறுதி செய்ய ஒரு சோதனை. பிளக் ஓட்டைக்குள் அரை டீஸ்பூனுக்கும் குறைவாகப் புதுப் பெட்ரோலை விட்டு, பிளக்கை மாட்டிக் கயிற்றை இழுங்கள். இரண்டு விநாடி உறுமிவிட்டு நின்றால் நல்ல சேதிதான். கரண்டும் கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் பிஸ்டன் தரும் அழுத்தம்) இருக்கின்றன, வழியில் எங்கோ பெட்ரோல் தடைபடுகிறது. உறுமவே இல்லை என்றால் கார்புரேட்டரை விட்டுவிட்டு, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயில், சுவிட்ச், கம்ப்ரஷன் ஆகியவற்றைப் பாருங்கள்.

தடை எங்கே என்று கண்டுபிடிக்க அடிக்கிண்ணத்தின் வடிகால் ஸ்க்ரூவைத் திறவுங்கள். பெட்ரோல் தடையில்லாமல் ஒரே சீராகக் கொட்டினால் டேங்க், காக் (பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்), ஃபில்டர், டியூப் எல்லாம் சரி, கோளாறு கார்புரேட்டருக்குள்ளேதான். முதலில் கொட்டிவிட்டுப் போகப்போகச் சொட்டினால் டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள், அப்போது வேகம் பிடித்தால் மூடித்துளைதான் குற்றவாளி. ஆரம்பத்திலேயே சொட்டினால் காக், அதன் உள்ளிருக்கும் வலை, ஃபில்டர் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போங்கள். ரப்பர் டியூபையும் நம்ப வேண்டாம். வெளியே நன்றாக இருக்கும், உள்தோல் உரிந்து மடிந்து வழியை அடைத்திருக்கும். காக்கைத் திறந்தும் சொட்டுக்கூட வராத கார்புரேட்டரில், கிண்ணத்துக்குள் பெட்ரோலை விட்டு நிறுத்தும் ஊசி வால்வு மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த இன்ஜினில் இது சகஜம்.

சாவி போட்டு ஸ்டார்ட் செய்யும் இன்ஜின்கள் சிலவற்றில் கிண்ணத்தின் அடியில் கம்பி செருகிய ஒரு சிறு உருளை இருக்கும். அது சாலினாய்டு வால்வு. சாவியைத் திருப்பியதும் அது ‘டிக்’ என்று ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால், பெட்ரோலை அளந்து விடும் பொடித்துளையான மெயின் ஜெட்டுக்குப் போகும் பெட்ரோல் பூட்டப்பட்டே கிடக்கும். பேட்டரி இறங்கியிருப்பதைக் கார்புரேட்டர் அடைப்பு என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான்.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது

சிறிய இன்ஜினில் அடிக்கடி வரும் புகார் இது. காரணம் குழப்பமே இல்லாதது. சோக் காற்றை மறைக்கிறது, அதனால் உறிஞ்சல் கூடி ஜெட் வழியாகப் பெட்ரோல் அதிகம் வருகிறது. சூடான பிறகும் அந்த உதவி இல்லாமல் ஓடவில்லை என்றால் பெட்ரோல் குறைவாக வருகிறது, அல்லது எங்கிருந்தோ கணக்கில் வராத காற்று நுழைகிறது.

காற்றுக் கசிவை முதலில் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம், ஏனென்றால் எதையும் கழற்ற வேண்டாம். கார்புரேட்டரை இன்ஜினோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளும் இறுக்கமாக உள்ளனவா பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு, கேஸ்கெட் இருக்கும் இணைப்பில் கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். ஓட்டம் மாறினால் கேஸ்கெட்டை மாற்ற வேண்டும். இதே சோதனையைக் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே கொண்டு செய்கிறவர்கள் உண்டு. பக்கத்திலேயே கொதிக்கும் சைலன்சர் இருக்கும்போது அந்த விளையாட்டு எனக்குப் பிடிப்பதில்லை.

கசிவு இல்லையென்றால் ஜெட் அடைப்புதான். இப்போது கழற்றலாம்.

கழற்றுமுன் போனில் நாலாபக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் கம்பி எந்த ஓட்டையில் மாட்டியிருந்தது, மெல்லிய ஸ்பிரிங் எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் மறந்துவிடும். காக்கை மூடி, கிண்ணத்தின் நடு போல்ட்டைக் கழற்றுங்கள். சில மாடல்களில் அந்த போல்ட்டேதான் மெயின் ஜெட். அதன் பக்கவாட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கும், கவனிக்காமல் கழுவி வைத்துவிடாதீர்கள். கிண்ணத்துக்குள் மிதக்கும் ஃப்ளோட்டின் ஊசியாணியை உருவினால் ஃப்ளோட்டும் ஊசி வால்வும் சேர்ந்து வரும். நடுத்தூணில் மெயின் ஜெட், அதற்கு மேல் பக்கமெல்லாம் பொடித்துளைகள் கொண்ட ஒரு பித்தளைக் குழல். அந்தக் குழல் தானாக விழாது. கார்புரேட்டரைத் திருப்பிப் பிடித்து மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள்.

ஸ்லோ ஓட்டத்தின் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்க்ரூ இருந்தால் அதைக் கழற்றுமுன் உள்பக்கமாகத் திருகி, மெல்லத் தட்டுப்படும் வரை எத்தனை சுற்று போகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். தட்டுப்பட்ட பிறகும் இறுக்கினால் அதன் கூர்முனை நசுங்கும், அதற்குப் பிறகு எந்த அளவில் வைத்தாலும் ஸ்லோவில் ஒழுங்காக நிற்காது. குறிக்கத் தவறியவர்கள் முழுதாக மூடிய நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்று திறந்து வைத்துத் தொடங்கலாம்.

ரப்பர் வளையங்களை எல்லாம் எடுத்த பிறகே கிளீனர் அடிக்க வேண்டும். அது ரப்பரை ஊதவைத்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ஒரு துளையில் அடித்தது இன்னொரு துளை வழியாக நேரே முகத்துக்கு வரும்.

ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. உள்ளே தெரியும் வெளிச்சம் முழு வட்டமாக இருக்க வேண்டும். பிறை போலவோ ஓரம் சொரசொரப்பாகவோ தெரிந்தால் பிசின் இன்னும் ஒட்டியிருக்கிறது. இரும்புக் கம்பியோ டிரில் பிட்டோ வேண்டாம். பித்தளை மெத்தென்ற உலோகம், துளை துளியளவு பெரிதானாலும் அளவு கெட்டது கெட்டதுதான். மின்சார வயரில் இருந்து ஒற்றைச் செம்பிழையை உருவி நுழைத்தால் போதும். பித்தளைக் குழலின் பக்கத்துளைகளையும் இப்படியே ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மெயின் ஜெட்டைச் சுத்தம் செய்து மாட்டியும் சோக் இல்லாமல் ஓடாத இன்ஜின்களில் விட்டுப்போனது பெரும்பாலும் ஸ்லோ ஓட்டத்துக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டின் பாதை. ஆக்ஸிலேட்டரோடு திறந்து மூடும் த்ராட்டில் தகட்டின் விளிம்பை ஒட்டி இரண்டு மூன்று பொடித்துளைகள் வரிசையாக இருக்கும். ஸ்லோ ஜெட் பக்கமிருந்து கிளீனரை அடித்தால் இந்தத் துளைகள் எல்லாவற்றிலும் இழையாகப் பீய்ச்ச வேண்டும். ஒன்றில் வராவிட்டாலும் ஊறவைத்து, காற்றடித்து, திரும்பப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் பொடி படிந்து அலுமினியமே அரித்திருந்தால் தண்ணீர் நெடுநாள் தங்கியிருக்கிறது. அந்த நிலைக்கு வந்த கார்புரேட்டரோடு மல்லுக்கட்டுவதைவிடப் புதிதாக ஒன்று போடுவது நிம்மதி. புதியதை வாங்கும்போது பழையதைப் பக்கத்தில் வைத்து, போல்ட் ஓட்டைகளின் இடைவெளியும் உள்வாயின் விட்டமும் ஒத்துப்போகின்றனவா பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருப்பவை நிறைய.

திரும்ப மாட்டும்போது கிண்ணத்தின் ரப்பர் வளையம் பெரிதாகி, பள்ளத்தில் உட்காராமல் அடம்பிடிக்கும். அது பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கிறது. ஓர் இரவு காயவிட்டால் சுருங்கி அடங்கிவிடும்.

வேகம் ஏறி ஏறி இறங்குகிறது

‘ஊம்ம்… ஊம்ம்’ என்று மூச்சு வாங்குவது. ஜெனரேட்டரில் என்றால் பல்பும் கூடவே மங்கி மங்கி எரியும். பெட்ரோல் குறைவதால் வேகம் இறங்குகிறது, கவர்னர் உடனே த்ராட்டிலைத் திறக்கிறது, வேகம் எகிறுகிறது, கவர்னர் மூடுகிறது. பழி கவர்னர் மேல் விழும், தப்பு ஸ்லோ ஜெட்டில் இருக்கும்.

சோக்கைப் பாதி போடுங்கள். ஓட்டம் சீரானால் மேலே சொன்ன கசிவும் அடைப்பும்தான் விஷயம். லோடு கொடுத்ததும் ஏற்ற இறக்கம் நின்றுவிட்டால் ஸ்லோ ஜெட் என்பது இன்னும் உறுதி, ஏனென்றால் லோடில் மெயின் ஜெட் பொறுப்பேற்றுக்கொள்கிறது. பாதி சோக்கிலும் மாற்றமே இல்லை என்றால்தான் கவர்னர் கம்பி உரசுகிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஜெனரேட்டரில் இந்த ஏற்ற இறக்கத்தைக் கவர்னர் ஸ்க்ரூவைத் திருகிச் சரிக்கட்டப் பார்க்கிறார்கள். செய்யாதீர்கள். சாதாரண இரண்டு துருவ ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸுக்கு நிமிடத்துக்கு 3000 சுற்றும், 60 ஹெர்ட்ஸுக்கு 3600 சுற்றும் ஓட வேண்டும். வேகத்தை ஏற்றினால் ஹெர்ட்ஸும் வோல்டேஜும் சேர்ந்து ஏறும், அதில் மாட்டியிருக்கும் சாமான்கள் பலியாகும்.

பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி, நின்றுவிடுகிறது

நின்ற அந்த நொடியில் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. ஆறவிட்டால் தடயம் போய்விடும். உடனே டேங்க் மூடியைத் திறவுங்கள். ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, இன்ஜினும் அடுத்த சில இழுப்பில் எடுத்துவிட்டால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லாமல் டேங்க் பெட்ரோலைப் பிடித்துவைத்துக்கொள்கிறது.

மூடியில் ஒன்றுமில்லை என்றால் சூடு ஆறுவதற்குள் பிளக்கில் கரண்டைச் சோதியுங்கள். சூட்டில் கரண்ட் போய், ஆறியதும் திரும்பி வந்தால் அது காயில். இரண்டும் சரியாக இருந்தால் டேங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இலைத்துணுக்கோ பிளாஸ்டிக் சீவலோ வாயில் போய் ஒட்டி வழியை அடைக்கும், இன்ஜின் நின்றதும் விலகி மிதக்கும். சரிவான இடத்தில் மட்டும் நிற்கிற நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் சென்சார் கரண்டைத் துண்டிக்கிறதா என்பதையும் பாருங்கள், ஆயில் அளவு சரியாக இருக்கட்டும்.

பெட்ரோல் வழிகிறது, கறுப்புப் புகை

இது மறுபக்கம், பெட்ரோல் அதிகமாகப் போகிறது. வழிந்தால் முதலில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் கிண்ணத்தை மெல்லத் தட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் ஊசி வால்வின் இருக்கையில் தூசி மாட்டியிருந்தது. நிற்காவிட்டால் கழற்றி, ஊசியின் ரப்பர் முனையை நகத்தால் வருடுங்கள். நகம் ஒரு வளையப் பள்ளத்தில் தட்டினால் ஊசியை மாற்ற வேண்டும். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பும் சத்தம் கேட்டால் அது ஓட்டை, மிதக்காமல் மூழ்கி வால்வைத் திறந்தே வைத்திருக்கும்.

இதில் ஆபத்தான ஒன்று உண்டு. ஊசி வால்வு கசிந்து, காக்கும் திறந்தே கிடந்தால், இரவோடு இரவாகப் பெட்ரோல் சிலிண்டர் வழியாக இன்ஜின் ஆயிலுக்குள் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடி, தண்ணீர் போல ஓடி, பெட்ரோல் வாடை அடிக்கும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் தேய்ந்து போகும். கயிறு இழுபடாமல் பாதியிலேயே முட்டினால் சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் நிறைந்திருக்கலாம். பலங்கொண்டு இழுக்காதீர்கள், பிளக்கைக் கழற்றிவிட்டு மெல்ல இழுங்கள். வால்வைச் சரிசெய்து, ஆயிலை மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் காக்கை மூடுகிற பழக்கம் இருந்தால் இந்த அத்தியாயமே தேவைப்படாது.

வழியவில்லை, கறுப்புப் புகை மட்டும் என்றால் ஏர் ஃபில்டரைக் கழற்றிச் சில விநாடி ஓட்டிப் பாருங்கள். புகை நின்றால் ஃபில்டரை மாற்றுங்கள். அடுத்து, சோக் தகடு முழுதாகத் திறக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். லீவர் நகர்ந்தாலும் தகடு பாதியில் நிற்பது உண்டு. நீலப் புகை ஆயில் எரிவது, அதற்கும் கார்புரேட்டருக்கும் சம்பந்தமில்லை.

ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் அமுங்கிப் போகிறது: செயின்சா, புதர்வெட்டி

எந்தக் கோணத்தில் பிடித்தாலும் ஓட வேண்டிய இந்த இயந்திரங்களில் கிண்ணமும் ஃப்ளோட்டும் கிடையாது, அவற்றின் வேலையை டயாஃப்ராம் என்ற மெல்லிய சவ்வு செய்கிறது. அது நாளாக ஆகக் காய்ந்து விறைக்கும். விரலால் அசைத்தால் காகிதம் போலச் சலசலத்தால் மாற்ற வேண்டியதுதான், கிட்டாகவே கிடைக்கும். டயாஃப்ராமும் கேஸ்கெட்டும் எந்த வரிசையில் வந்தன என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்திலும் வரிசை ஒன்றல்ல.

அதற்கு முன் பிரைமர் குமிழை அமுக்குங்கள். அமுங்கியது திரும்ப எழாவிட்டால் டேங்குக்குள் கிடக்கும் ஃபில்டர் அடைப்பு. குமிழில் ஓயாமல் காற்றுக்குமிழி வந்தால் டியூபில் வெடிப்பு, அதிலும் டேங்குக்குள் நுழையும் இடத்தில்.

ஆயில் கலவையையும் கேளுங்கள். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. ‘கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லது’ என்ற கை தாராளம் இங்கே உதவாது. ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது, கரியும் படிகிறது. அந்தக் கரி சைலன்சரின் தீப்பொறி வலையை மூடிவிட்டால் ஸ்லோவில் அழகாக ஓடும், அழுத்தினால் திணறும். கார்புரேட்டரில் கை வைப்பதற்குள் அந்த வலையைக் கழற்றித் தேய்த்துப் பார்த்துவிடுங்கள். எல் (ஸ்லோவுக்கு), எச் (முழு வேகத்துக்கு) என்று எழுதிய இரண்டு ஸ்க்ரூக்களில் எச்-ஐ மட்டும் குத்துமதிப்பாக மூடாதீர்கள். வேகம் கூடியது போல இருக்கும், பெட்ரோலோடு வர வேண்டிய ஆயிலும் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

எல்லாம் செய்தாயிற்று, கார்புரேட்டர் வழியாகவே டப் டப் என்று வெடிக்கிறது

பெட்ரோல் புதிது, ஜெட் சுத்தம், கசிவு இல்லை, அப்படியும் இன்ஜின் பின்னுக்கு வெடித்தால் கார்புரேட்டரை மூன்றாம் முறை கழற்றுவதில் அர்த்தமில்லை. வால்வு இடைவெளியைக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். உள்வால்வு முழுதாக மூடாவிட்டால் இப்படித்தான் வெடிக்கும். புல் வெட்டும் இயந்திரம் என்றால் ஃப்ளைவீல் சாவியையும் பாருங்கள், அது ஃப்ளைவீலை ஷாஃப்ட்டில் நகராமல் பிடித்திருக்கும் சிறு துண்டு. பிளேடு கல்லிலோ வேரிலோ மோதும்போது மெத்தென்ற உலோகத்தாலான அந்தச் சின்னச் சாவி நசுங்கிவிடும். ஃப்ளைவீல் இம்மி நகர்ந்தாலும் கரண்ட் வரும் நேரம் தவறி, கயிறு கையைப் பிடுங்கும், கார்புரேட்டர் வாயில் வெடிக்கும். பிளக் கம்பியைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீல் நட்டை எடுத்துப் பார்த்தால் ஷாஃப்ட்டின் பள்ளமும் ஃப்ளைவீலின் பள்ளமும் நேராக நிற்கின்றனவா என்பது கண்ணுக்கே தெரியும். பிளேடு எதிலாவது மோதிய நாளிலிருந்துதான் தொல்லை ஆரம்பித்தது என்றால் இதையே முதலில் திறந்து பாருங்கள்.